காது மட்டும் சாட்சி சொல்லட்டும்

ஒரே பாட்டை, ஒரே ஸ்பீக்கரில், அரை டெசிபெல் மட்டும் கூட்டிப் போட்டுக் காட்டினால், கேட்பவர் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்லமாட்டார். ‘குரல் முன்னால் வந்து நிற்கிறது’ என்பார். ‘வயலினில் வில் உரசுவதுகூடத் தெரிகிறது’, ‘மிருதங்கத்தின் தொப்பி இறுக்கமாகக் கேட்கிறது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் கேட்கிறது. சத்தம் குறையக் குறைய, கீழ் சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக நம் காதிலிருந்து நழுவும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து வரைபடமாக வெளியிட்டுவிட்டார்கள். சத்தம் ஒரு துளி கூடினால் பேஸ் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எழுந்து வருகிறது.

அரை டெசிபெல் என்றால் ஸ்பீக்கர் முனையில் 2 வோல்ட்டுக்குப் பதில் 2.12 வோல்ட். வால்யூம் குமிழில் அது கண்ணுக்கே தெரியாத நகர்வு. இரண்டு கம்பெனி ஆம்ப்களின் கெயின் ஒன்றுபோல இருப்பது அபூர்வம். அதனால் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் கடைக்காரர், தனக்கே தெரியாமல் இரண்டில் ஒன்றை ஜெயிக்க வைத்துவிடுகிறார். லட்ச ரூபாய் முடிவுகள் இந்த ஆறு சதவீத வோல்ட்டில் எடுக்கப்படுவதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் சர்வீஸ் பழகி, பிறகு வீடுகளுக்குப் போய் செட்டு அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வந்தவன் நான். இந்தத் தொழிலில் ஒரு கேள்விக்குத் தப்பவே முடியாது: “அண்ணே, இந்த ரெண்டுல எது நல்லா பாடும்?” என் வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் பணம் போடுவதைவிட, அவர் காதே முடிவு செய்யட்டும் என்றுதான் பிளைண்ட் டெஸ்ட் பக்கம் போனேன். பெயர், விலை, முகப்பு எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கேட்க வைப்பது, சொல்வதற்கு இவ்வளவுதான். நியாயமாகச் செய்வதற்குத்தான் ஆயிரம் இருக்கிறது. ஆடியோ பிரியர்கள் பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. நண்பர்கள் கூடி ஒருவரை உட்கார வைத்து, அவர் கேட்டே இராத பாட்டை, பழகாத அறையில், நாலு தடவை அவசரமாக மாற்றிப் போட்டு, “பாத்தியா, உனக்கு ஒண்ணுமே தெரியல” என்று சிரிப்பதைத்தான் அவர்கள் பிளைண்ட் டெஸ்ட் என்று பார்த்திருக்கிறார்கள். அதைச் சோதனை என்று சொல்லவே கூடாது. கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதற்கான எல்லா வசதியையும் செய்து கொடுத்துவிட்டு, காது தவிர மற்ற எல்லாத் துப்பையும் அடைப்பதுதான் சோதனை வைப்பவரின் வேலை.

இதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஃப்ளாய்ட் டூல். 1965-ல் கனடாவின் ஆட்டவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்தவர். ஸ்பீக்கர்களைத் துணித் திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொல்லி, அந்த மதிப்பெண்களை அளவீடுகளோடு வைத்துப் பார்ப்பதில் கால் நூற்றாண்டைச் செலவிட்டார். 1991-ல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். கம்பெனி ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கர், திரை விலகியதும் இறங்கிவிட்டது. பெரிய, பார்வையான பெட்டிகள் ஏறிவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொரு முடிவு. ஸ்பீக்கரை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஒலி மாறும். திரை இருந்தபோது அந்த மாற்றத்தை மதிப்பெண்ணில் காட்டியவர்கள், பார்த்துக்கொண்டே கேட்டபோது அதைக் கிட்டத்தட்ட கவனிக்கவே இல்லை. கண் திறந்ததும் காது மந்தமாகிவிட்டது. பிளைண்ட் டெஸ்ட் காதை அவமதிக்கிறது என்று யார் சொன்னாலும் நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்வேன்.

துப்பு அடைப்பதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெட்டியின் மேல் துணி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு ஆம்ப் ட்வீட்டரில் ‘உஸ்’ என்று மெல்ல இழையும், இன்னொன்று இழையாது. ஒன்றில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். ஒன்று கால் நொடி தாமதமாகப் பாட ஆரம்பிக்கும். வால்வ் ஆம்ப் சூடேறினால் அறையில் வாசனையே மாறும். கேட்பவர் இவற்றைத் தெரிந்து பயன்படுத்துவதில்லை. மனசு தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ‘இதில் ஒரு இதம் இருக்கிறது’ என்று காரணமும் சொல்லிவிடும். அதனால் நான் இரண்டு ஆம்ப்களையும் அடுத்த அறையில் வைத்து, ஒரு ரிலே பெட்டி வழியாக ஸ்பீக்கருக்குக் கொண்டுவருகிறேன். ரிலேயிலும் ஒரு சங்கதி உண்டு. ஆம்ப் மாறும்போது மட்டும் ‘கட்’ என்று சத்தம் வந்து, மாறாதபோது வராவிட்டால், அந்தச் சத்தமே விடையைச் சொல்லிவிடும். ஆகவே பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ரிலேக்கள் எல்லாம் விட்டுப் பிடிக்க வேண்டும், இணைப்பு மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி. இரண்டு ஆம்ப்களின் அவுட்புட்டும் ஒரு கணம்கூட ஒன்றை ஒன்று தொட்டுவிடக் கூடாது, தொட்டால் புகைதான். வால்வ் ஆம்பை லோடு இல்லாமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கர் விலகும் அந்த நொடியில் 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார வேண்டும். இந்த ஒரு பெட்டியைச் சரியாகக் கட்டுவதற்கே எனக்கு நாள் பிடித்தது.

மாற்றுபவரும் கேட்பவரின் கண்ணில் படக் கூடாது. பெர்லினில் நூற்றாண்டுக்கு முன் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டு, குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907-ல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் அதை ஆராய்ந்து சொன்னார்: கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்தால்தான் குதிரைக்கும் தெரிகிறது, சரியான எண்ணிக்கை வந்ததும் அவர் உடம்பு லேசாகத் தளர்வதைக் குதிரை பார்க்கிறது. குதிரைக்காரர் ஏமாற்றவில்லை. தன் உடம்பு காட்டிக் கொடுப்பதே அவருக்குத் தெரியாது. ‘இப்ப கேளுங்க சார்’ என்று நான் சொல்லும் குரலில்கூட எந்த ஆம்ப் என்பது ஒளிந்திருக்கலாம். எனவே சோதனை நடக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. முடிந்தவரை எனக்கே தெரியாதபடி வரிசையை வேறொருவரிடம் போடச் சொல்லி, உறையில் ஒட்டி வாங்கிக்கொள்கிறேன்.

வரிசையைக் காசு சுண்டித்தான் போட வேண்டும், மனசில் தோன்றியபடி எழுதக் கூடாது. மனிதக் கை ‘ஏ, பி’ என்று தானாக எழுதினால் ஒரே எழுத்தைத் தொடர்ந்து நான்கு முறை எழுதத் தயங்கும். ஆனால் 16 தடவை காசு சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து ஒரே பக்கம் விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ‘போன ரெண்டு தடவையும் ஏ வந்துச்சு, இது பி-யாத்தான் இருக்கும்’ என்று ஊகிக்கும் ஆளுக்குக் கையால் எழுதிய வரிசை சும்மா மதிப்பெண் அள்ளிக் கொடுக்கும்.

இனி அளவு. ஒரு சோதனை நியாயமா என்று எனக்குக் காட்டுவது இந்த இடம்தான், இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்ட் பார்ப்பேன். காதால் சமன் செய்வது உதவாது. போனில் வரும் டெசிபெல் மீட்டரும் உதவாது, நீங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாலே அதில் எண் மாறிவிடும். எட்ட வேண்டியது பத்தில் ஒரு டெசிபெல்: ஒன்றில் 2.83 வோல்ட் என்றால் மற்றது 2.80-க்குக் கீழே போகக் கூடாது, 2.86-க்கு மேலே ஏறக் கூடாது. விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். காட்டாதுதான். ஆனால் ஒரே மீட்டர், ஒரே அலைவரிசையில், இரண்டு ஆம்ப்களிலும் ஒரே அளவுக்குத்தான் தப்பாகக் காட்டும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பிறகு 100 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் மறுபடி பார்ப்பேன். நடுவில் ஒத்துப்போய் ஓரத்தில் விலகும் ஆம்ப்கள் உண்டு. அந்த விலகலை நான் சரிசெய்வதில்லை, குறித்து மட்டும் வைத்துக்கொள்வேன். வித்தியாசம் கேட்டால், ஏன் கேட்டது என்பதற்கு முதல் விடை பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் இருக்கும். இடம், வலம் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பழைய வால்யூம் குமிழ்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல இழுத்துப் போவதில்லை.

மைலாப்பூரில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சங்கீதம் கேட்டு வளர்ந்த காது. ஒரு ஸ்பீக்கர் கேபிள் வாங்கியிருந்தார். விலையை நான் எழுதவில்லை, ஆம்ப் விலைக்கு மேல் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கேபிளில் தம்புரா காற்றில் நிற்கிறது என்றார். வேறு ஒருவர் இதைக் கேட்டு நக்கல் செய்திருக்கிறார். அதனால் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்களே வந்து ஒழுங்கா டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க” என்றார். நான் எதிரே வைத்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், வீட்டுக்கு ஒயரிங் இழுப்பார்களே அதேதான், மூன்று மீட்டர். போக வர ஆறு மீட்டருக்கு அதன் தடை ஒரு ஓமில் நூற்றில் நான்கு பங்குதான் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது பத்தில் ஒரு டெசிபெலில் பாதிகூட இழக்காது.

அவர் வீடு, அவர் செட்டு, அவர் நாற்காலி. பாட்டையும் அவரே தேர்ந்தெடுத்தார்: ஒரு கச்சேரிப் பதிவின் ஆரம்பம், பாடகர் வாய் திறப்பதற்கு முன் தம்புரா தனியாக ஓடும் இடம். முதலில் எதையும் மறைக்காமல், எது எந்தக் கேபிள் என்று சொல்லியே கேட்க வைத்தேன். ‘ஆமாம், வித்தியாசம் துல்லியமாகத் தெரிகிறது’ என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த படிக்குப் போனேன். இந்தப் படியைத் தாண்டக் கூடாது. அவர் கேட்பதாகச் சொல்லும் வித்தியாசம் இந்த நாற்காலியில், இந்தப் பாட்டில், இந்த ரிலே பெட்டி நடுவில் இருக்கும்போதும் அவருக்குக் கேட்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டால்தான், பிறகு பெட்டியைக் குறை சொல்ல இடமிருக்காது. அதன் பிறகு பொத்தான்களை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ‘ஏ’ அழுத்தினால் அவர் கேபிள், ‘பி’ அழுத்தினால் ஒயரிங் ஒயர், ‘எக்ஸ்’ அழுத்தினால் இரண்டில் ஏதோ ஒன்று. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். எக்ஸ் எது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950-ல் எழுதி வைத்த முறை இது. 1982-ல் டேவிட் கிளார்க் இதை ஆடியோ சாமான்களுக்கு ஏற்ற பெட்டியாக ஆக்கி வெளியிட்டார். இன்றைக்கும் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

16 சுற்றில் அவர் சரியாகச் சொன்னது ஒன்பது. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். பெரியவர் முகம் வாடியது. ஆனால் சோதனை அங்கே முடியவில்லை, முடிக்கவும் கூடாது. அதே நாற்காலியில், அதே தம்புராவில், 3 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஈக்வலைசரில் ஒரு டெசிபெல் மட்டும் அகலமாக உயர்த்தி, அதே முறையில் இன்னொரு 16 சுற்று வைத்தேன். 14 சரியாகச் சொன்னார். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் காது நல்லாத்தான் இருக்கு தம்பி. கேபிள்தான் ஒண்ணும் பண்ணல.”

இந்த இரண்டாவது சுற்று இல்லாத பிளைண்ட் டெஸ்டை நான் ஏற்பதே இல்லை. தெரிந்தே வைத்த ஒரு சின்ன வித்தியாசத்தை இந்த அறையும் இந்த செட்டும் இந்தக் காதும் பிடிக்கின்றனவா என்று பார்க்காமல், ‘வித்தியாசம் கேட்கவில்லை’ என்று அறிவிப்பது பாதி வேலை. ஒலிபரப்புத் துறையில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். பாட்டைச் சுருக்கும் கோடெக்குகளைச் சோதிக்க சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த முறையில், கேட்பவர் முன் வரும் மாதிரிகளுக்குள் மூலப் பதிவும் பெயர் சொல்லாமல் கலந்திருக்கும். 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டிய ஒரு மட்டமான மாதிரியும் கலந்திருக்கும். ஒளிந்திருக்கும் மூலத்துக்கே திரும்பத் திரும்பக் குறைந்த மதிப்பெண் போடுபவரின் தாளை எடுத்து வைத்துவிடுவார்கள். கேட்பவரைச் சோதிக்கும்போதே சோதனையையும் சோதித்துக்கொள்கிறார்கள்.

ஏன் 16 சுற்று என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்து சுற்றில் ஐந்தும் சரியாகச் சொல்ல, ஒன்றுமே கேட்காத ஆளுக்கும் 32-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்தில் ஒன்று தப்பினால் போச்சு, எதுவும் சொல்ல முடியாது. 16 சுற்றில் 12 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் வாங்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். அதனால் 12 என்பதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறோம். இங்கே இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கிறது. ஒரு கூட்டத்தில் 20 பேரை உட்கார வைத்து ஆளுக்கு 16 சுற்று வைத்தால், யாருக்குமே எதுவும் கேட்காவிட்டாலும் ஒருவராவது 12 வாங்கிவிடப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடக் கூடாது, மறுநாள் வரச் சொல்லி மறுபடி வைக்க வேண்டும். எதிர்ப்பக்க அநியாயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிஜமாகவே வித்தியாசம் கேட்டு, பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 16 சுற்றில் அவர் 12 வாங்கும் வாய்ப்பு பாதியைத் தொடாது. அதாவது நல்ல காது உள்ள ஒருவரை, பாதிக்கு மேலான தடவை ‘உனக்குக் கேட்கவில்லை’ என்று அனுப்பிவிடுவோம். அதே ஆளுக்கு 40 சுற்று வைத்து 26-ஐ எல்லைக்கோடாக்கினால், அவர் தேறும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்காக உயரும். குருட்டு அதிர்ஷ்டத்துக்கான இடமோ கிட்டத்தட்ட அதே அளவுதான். சின்ன வித்தியாசங்களுக்கு நான் 40 வைக்கிறேன், ஒரே மூச்சில் அல்ல, பல நாட்களாகப் பிரித்து. காது களைத்த பிறகு வாங்கும் பதிலை எழுதிவைப்பதில் பயனில்லை.

இதனால்தான் ‘பிளைண்ட் டெஸ்டில் எல்லாமே ஒன்றுதான் என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காது. மேயரும் மோரனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. உயர் தரப் பதிவுகளின் நடுவே சிடி தரத்துக்கு மாற்றித் திருப்பும் கருவியைச் செருகி, தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறையில் 276 முறை சரி, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அந்த முறையில், அந்தப் பதிவுகளில், வழக்கமான சத்தத்தில் யாருக்கும் பிடிபடவில்லை என்பது அதன் முடிவு. வாங்குபவனுக்கு அது போதுமான செய்திதான். அதற்கு மேல் அதை நீட்டக் கூடாது.

கேட்டது என்று நிரூபணமான கதையும் ஒன்று உண்டு. ஒரு இளைஞர் சிங்கிள் எண்டட் வால்வ் ஆம்ப் வைத்திருந்தார். டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன் என்றார். நண்பர்கள் நம்பவில்லை. சோதனையில் 16-க்கு 15. மற்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்கு ஆச்சரியமில்லை, 100 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் எடுத்த குறிப்பிலேயே அது இருந்தது. அவருடைய ஆம்பின் அவுட்புட் தடை சுமார் 2 ஓம். ஸ்பீக்கரின் தடை ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம். கணக்குப் போட்டால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இரண்டரை டெசிபெலுக்கு மேல் ஏற்ற இறக்கம் வரும். அது யாருக்கும் கேட்கும். டிரான்சிஸ்டர் ஆம்பின் தடை அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்பதால் அங்கே மேடு பள்ளம் வராது.

அடுத்த கேள்வியை அவர்தான் கேட்டார்: “அப்போ இது வால்வோட குணமாண்ணே, இல்ல அந்த ரெண்டு ஓமோட குணமா?” நல்ல கேள்வி, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட்டில் 2 ஓம் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன், மறுபடி வோல்ட் சமன் செய்தேன், மறுபடி 16 சுற்று. இந்தத் தடவை எட்டு. தனக்குப் பிடித்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வால்வ் ஆம்பை அவர் விற்கவில்லை. இரவில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது எனக்குப் பிடிக்கும் அண்ணே என்றார். பிடித்தால் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பீக்கர்களைச் சோதிப்பது வேறு உலகம். ஆம்ப் அடுத்த அறையில் இருக்கலாம், ஸ்பீக்கர் இந்த அறையில் ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். அறை தன் இஷ்டத்துக்கு பேஸைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவை இருக்கும் இடங்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள். ஹார்மனில் காற்றழுத்தத்தால் ஓடும் மேடை ஒன்று கட்டி, சில நொடிகளில் ஒரு ஸ்பீக்கரை விலக்கி அதே இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். நம் வீட்டில் அதற்கு வழியில்லை. ஒரு தச்சரிடம் சொல்லி, பேரிங் மேல் சுழலும் கனமான பலகை செய்து வாங்கினேன். மேலே முதுகோடு முதுகாக இரண்டு ஸ்பீக்கர், முன்னால் கிரில் துணி. ஒரு ஜோடி வேண்டாம், ஒற்றை ஸ்பீக்கர் போதும். மோனோவில் கேட்கும்போதுதான் குறைகள் கூடுதலாகத் தெரியும் என்று டூல் காட்டியிருக்கிறார், என் அனுபவமும் அதுவே. பாட்டு மட்டும் போதாது, சீராக இரையும் பிங்க் நாய்ஸும் போட வேண்டும். அதில் ஸ்பீக்கரின் நிறம் உடனே தெரிந்துவிடும். ஸ்பீக்கர்களில் 16-க்கு 16 வாங்காத ஆளையே நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அங்கே ‘வித்தியாசம் கேட்கிறதா’ என்று கேட்பதே வீண். ‘எது பிடிக்கிறது’ என்றுதான் கேட்க வேண்டும். ஒன்றையே இரண்டு முறை போட்டு ‘இது வேறு’ என்பதுபோல நடுநடுவே நுழைக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத இரண்டில் ஒன்றை ஆணித்தரமாகத் தேர்ந்தெடுப்பவர் எத்தனை பேர் என்று அதில் தெரியும். பழகிய காது வேண்டுமா, சாதாரணக் காது போதுமா என்ற சந்தேகத்துக்கும் விடை உண்டு. ஆலிவ் 2003-ல் 268 பேரை வைத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அடுக்கினார்கள், பயிற்சி பெற்றவர்கள் கூடுதல் உறுதியோடு அடுக்கினார்கள். வீட்டில் பாட்டியின் அபிப்பிராயத்தையும் கேட்கலாம்.

சென்னையில் இதற்கெல்லாம் நேரம் பார்ப்பது தனி வித்தை. ஃபேன் ஓடினால் தம்புராவின் பாதி போச்சு, ஃபேனை நிறுத்தினால் கேட்பவர் வியர்த்து எழுந்துவிடுவார். ஏசி கம்ப்ரசர் ஒரு சுற்றில் ஓடி மறு சுற்றில் நிற்கும். அது ‘ஏ’ பாடும்போது ஓடியிருந்தால் ‘ஏ’க்கு அநியாயம். அறையை முதலில் குளிரவைத்து, ஏசியை அணைத்து, நான்கு சுற்று முடிந்ததும் மறுபடி போடுவது என் வழக்கம். ஞாயிறு விடிகாலை நல்ல நேரம். ஆட்டோ ஹாரன் அடித்தால் அந்தச் சுற்றை ரத்து செய்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் கேட்பவர் பதில் எழுதுவதற்கு முன்பே ரத்து செய்ய வேண்டும், எழுதிய பிறகு அல்ல. தப்பான பதிலுக்குப் பிறகு மட்டும் ஹாரன் ஞாபகத்துக்கு வருவது மனித இயல்பு.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: ‘சோதனையில் அவசரமாகக் கேட்கிறோம், வாரக்கணக்கில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.’ அவருக்கும் வழி இருக்கிறது. சீல் வைத்த டப்பா ஒன்றில் அவருடைய கேபிளோ சாதாரணக் கேபிளோ ஒன்றை அடைத்து, எது என்று சொல்லாமல் கொடுத்துவிடுவேன். ஒரு மாதம் வைத்துக் கேட்டு, பதிலைத் தாளில் எழுதித் தர வேண்டும். திரும்ப அடைத்து இன்னொரு மாதம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இந்த டப்பாவில் தேறியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒலி ஞாபகம் சில நொடிகளில் மங்கத் தொடங்கிவிடும் என்பதால், சின்ன வித்தியாசத்துக்கு உடனுக்குடன் மாற்றிக் கேட்பதுதான் காதுக்குச் சாதகம். ஆனாலும் கேட்பவர் விரும்பும் முறையில் கேட்க வைப்பதற்கு மறுக்கக் கூடாது.

நியாயமாக வைத்துப் பார்த்ததில் என் கணக்கு இதுதான். தடிமன் சரியாக உள்ள கேபிளுக்குக் கேபிள் வித்தியாசம் கேட்டவர் இல்லை. ஒழுங்காகச் செய்த டிரான்சிஸ்டர் ஆம்ப்களை, அவற்றின் சக்திக்குள் ஓட்டினால், பிரித்தவர் மிகச் சிலர். அவர்களுக்கும் காரணம் மீட்டரில் கிடைத்தது. ஸ்பீக்கரும், அதை வைக்கும் இடமும், டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கும் அறையும்தான் எல்லோருக்கும் கேட்டன. பணம் குறைவாக இருந்தால் அங்கே போடுங்கள்.

அடுத்த முறை ஆம்ப் வாங்கப் போகும்போது பையில் ஒரு மல்டிமீட்டரும் போனில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் தன்மையாகக் கேளுங்கள்: “அண்ணே, ரெண்டையும் ஸ்பீக்கர்ல ஒரே வோல்ட்டுக்கு வெச்சுட்டு, நான் திரும்பி உக்கார்றேன், மாத்தி மாத்திப் போடுங்க.” கூட ஒரு நண்பர் இருந்தால் காசு சுண்டி வரிசை எழுதட்டும். கடைக்காரர் சம்மதித்தால் அரை மணி நேரத்தில் உங்களுக்கு விடை கிடைத்துவிடும். சம்மதிக்காவிட்டால் அன்றைக்கு வாங்காமல் திரும்பி வாருங்கள்.